மயஸ்தீனியா கிராவிஸ்: மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஏன் படிக்க வேண்டும்?

தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோயான மயஸ்தீனியா கிராவிஸ் என்று உறுதியானதும் நரம்பு டாக்டர் முதலில் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைத்தான். போட்ட அரை மணி, முக்கால் மணியில் தொங்கிய இமை மேலே ஏறும், இட்லியை மென்று விழுங்க முடியும். மூன்று நான்கு மணி நேரம் அந்தத் தெம்பு நிற்கும். கூடவே சிலருக்கு வயிற்றைப் பிசையும், வயிற்றால் போகும். அந்த மருந்தின் பக்கவிளைவு அது. ஆனால் வீட்டில் யாரும் அப்படி நினைப்பதில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, தெருமுனை மெடிக்கலுக்கு ஆள் போகும்.

“அண்ணே, ரெண்டு நாளா அம்மாவுக்கு வயித்தால போகுது. ஏதாச்சும் மாத்திரை குடுங்க.”

“காய்ச்சல் இருக்கா? இல்லையா? சரி, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு குடுங்க.”

அட்டையிலிருந்து நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆஃப்லாக்சசின் 200 மி.கி., ஆர்னிடசோல் 500 மி.கி. என்று இருக்கும். நம் ஊரில் பேதிக்குக் கைபோன போக்கில் கொடுக்கப்படும் ஜோடி அது. இன்னொரு ஜோடி நார்ஃப்லாக்சசினும் டினிடசோலும். இரண்டிலும் முதல் பெயரைப் பாருங்கள், ‘ஃப்லாக்சசின்’ என்று முடிகிறது. மயஸ்தீனியா உள்ளவர்கள் முடிந்தவரை தள்ளி வைக்க வேண்டிய ஆன்டிபயாடிக் குடும்பம் அதுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2011 பிப்ரவரியில் இந்தக் குடும்பத்தின் மருந்துகள் எல்லாவற்றிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. மயஸ்தீனியா உள்ளவருக்குத் தசைபலவீனம் கூடலாம், சுவாசக் கருவி வைக்கும் நிலைமை வரைக்கும் போகலாம் என்பதுதான் எச்சரிக்கை.

நோய்க்கான மருந்தால் வந்த பேதிக்கு, நோயையே கிளப்பிவிடக்கூடிய மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு என்ன நோய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைப்பதற்காகத்தான்: “எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் இருக்கு, இந்த மருந்து எனக்குச் சரிப்படுமா?”

நரம்புக்கும் தசைக்கும் நடுவில்

நரம்பின் நுனியும் தசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. கையைத் தூக்க வேண்டும் என்று மூளை அனுப்பிய செய்தி நரம்பு நுனிக்கு வந்ததும் அங்கே கால்சியம் உள்ளே நுழையும். அது தூண்டிவிட, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டும். எதிரே தசையின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்ததும் தசை சுருங்கும். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும்.

மயஸ்தீனியாவில் உடம்பின் எதிர்ப்பாற்றலே அந்த ஏற்பிகளைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. உடல் முழுதும் நோய் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் ரத்தத்தில் இந்த ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி காணப்படும். ஏற்பிகள் குறைந்தால் முதல் முறை கையைத் தூக்கும்போது பெரிதாகத் தெரியாது. பத்தாவது முறை தூக்கும்போது கை கீழே வரும். காலையில் நன்றாக இருந்த இமை சாயங்காலம் சரிவதும், பேசப் பேசக் குரல் மூக்கால் வருவதும் இதனால்தான்.

பைரிடோஸ்டிக்மின் அந்தச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும், இருக்கிற ஏற்பிகளைத் திரும்பத் திரும்பத் தட்டும். இந்த வழியைத் திறந்துவிட்டவர் மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்சில் உள்ள செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். மயஸ்தீனியா நோயாளியின் நிலைமை, அம்பு நுனியில் தடவும் குராரே விஷம் ஏறியவரின் நிலைமையைப் போலவே இருப்பதைக் கவனித்தார். குராரேக்கு முறிமருந்தாக இருந்த ஃபைசோஸ்டிக்மினை 1934-இல் ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். இமை திறந்தது. இன்றைய மாத்திரை அந்த வழியில் வந்ததுதான்.

ஏற்பிகளைப் பற்றி நமக்குத் தெரிய வந்ததில் பாம்புக்கும் பங்கு உண்டு. கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் இந்த ஏற்பியில் போய் இறுக ஒட்டிக்கொள்ளும். அதை வைத்து எண்ணிப் பார்த்துத்தான் மயஸ்தீனியா உள்ளவர்களின் தசையில் ஏற்பிகள் குறைந்துபோயிருப்பதை 1973-இல் கண்டார்கள். நல்ல பாம்பு கடித்தவருக்கு இமை சரிவதும் இதே இடத்தில் விஷம் உட்கார்வதால்தான். அவர்களுக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் போடுவதை நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். அது பைரிடோஸ்டிக்மினுக்கு நெருங்கிய சொந்தம்.

இனி மருந்து விஷயத்துக்கு வருவோம். நோய் இல்லாதவர்களுக்கு நரம்பும் தசையும் சந்திக்கும் இந்த இடத்தில் தேவைக்கு மேலேயே கையிருப்பு உண்டு. நிறையச் சம்பளம் வாங்குகிறவருக்கு நூறு ரூபாய் குறைந்தால் தெரியாது, மாதக் கடைசியில் கையில் நூறு ரூபாயே இருப்பவருக்கு அது போனால் அடுப்பு எரியாது. அதேதான் இங்கேயும். பல சாதாரண மருந்துகள் இந்தச் சந்திப்பில் லேசாகக் கைவைக்கின்றன. மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் “எனக்கும் இதே மாத்திரைதான் குடுத்தாங்க, ஒண்ணும் ஆகலையே” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை இந்த நோயில் எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஆன்டிபயாடிக்: முதலில் இங்கேதான் கவனம்

ஃப்லாக்சசின் குடும்பத்தை மேலே பார்த்தோம். சிப்ரோஃப்லாக்சசின், லீவோஃப்லாக்சசின், மாக்சிஃப்லாக்சசின் எல்லாம் அதே குடும்பம்தான். சிறுநீர்த் தொற்றுக்கும் நெஞ்சுச் சளிக்கும் இவை அடிக்கடி எழுதப்படுகின்றன.

இரண்டாவது குடும்பம் பெரும்பாலும் ஊசியாக வரும்: ஜென்டாமைசின், அமிக்காசின், டோப்ராமைசின், ஸ்ட்ரெப்டோமைசின். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியே வருவதையே இவை குறைக்கும். வார்டில் சேர்ந்த அன்றே அமிக்காசின் ஏற்றுவது பல இடங்களில் வழக்கம். காசநோய்ச் சிகிச்சையிலும் இந்த வகை ஊசி வரலாம்.

மூன்றாவது, அசித்ரோமைசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின். தொண்டை கரகரத்தால் மூன்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, அந்த அசித்ரோமைசின்தான். இவற்றின் தூரத்து உறவான டெலித்ரோமைசினை மயஸ்தீனியா உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது என்று 2007-இல் எஃப்டிஏ தடுத்துவிட்டது.

பெயரின் வால் உதவும், ஆனால் எப்போதும் உதவாது. ‘ஃப்லாக்சசின்’ என்று முடிந்தால் கேள்வி கேட்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ‘மைசின்’ என்று முடிபவை பல குடும்பத்தைச் சேர்ந்தவை, வாலை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கடைகளில் நாம் சொல்லி வாங்குவது கம்பெனிப் பெயரை, அதிலோ இந்த வால் இருக்காது. ஆகவே அட்டையைத் திருப்பி, மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும் பழக்கம் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிற நோயாளியால் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடியாது. மகனோ மருமகளோ செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கட்டும்.

இதைப் படித்துவிட்டு “எனக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம்” என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. மயஸ்தீனியா திடீரென்று மோசமாவதற்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று தொற்றுதான். நிமோனியாவை வைத்தியம் பார்க்காமல் விட்டால், எந்த ஆன்டிபயாடிக்கும் செய்யாத கேட்டை அது செய்துவிடும். பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பெரும்பாலான மயஸ்தீனியா நோயாளிகளுக்கு ஒத்துப்போகின்றன, டாக்டர்கள் முதலில் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். சில கிருமிகளுக்கு ஃப்லாக்சசினோ அமிக்காசினோ கொடுத்தே ஆக வேண்டும் என்றால், டாக்டர் தெரிந்தே கொடுத்து, மூச்சையும் விழுங்குதலையும் கண்காணிப்பார். தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் கொடுப்பதற்கும் நடுவில்தான் இந்த நோயாளியின் பாதுகாப்பு இருக்கிறது.

பட்டியலில் இருக்கும் மற்றவை

இணையத்தில் கிடைக்கும் ‘தவிர்க்க வேண்டிய மருந்துகள்’ பட்டியல்கள் நீளமானவை. ஒரு காலத்தில் யாரோ ஒரு நோயாளிக்கு நோய் கூடியதாகப் பதிவான மருந்துக்கும், திரும்பத் திரும்ப ஆபத்து நிரூபணமான மருந்துக்கும் அவற்றில் வித்தியாசம் தெரியாது. எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அதனால் பயம்தான் கூடும். ஆகவே முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

நரம்பு வழியே ஏற்றும் மெக்னீசியம் கடுமையானது. கால்சியம் நரம்பு நுனிக்குள் நுழைவதை அது தடுக்கும். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வரும்போது மெக்னீசியம் சல்ஃபேட்தான் எங்கும் முதல் மருந்து. ஆகவே மயஸ்தீனியா உள்ள பெண் கருவுற்றால், மகப்பேறு டாக்டரும் நரம்பு டாக்டரும் முன்கூட்டியே பேசி, வலிப்புக்கு மாற்று மருந்து எது என்பதைப் பிரசவக் கோப்பிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பிரசவ அறையில் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது. பேதி உப்பு என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பதும் மெக்னீசியம் சல்ஃபேட்தான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளிலும் மலமிளக்கிகளிலும் மெக்னீசியம் உண்டு. வாய்வழி போவதில் உடம்பில் ஏறுவது குறைவு என்றாலும், சிறுநீரகம் பழுதானவர்கள் அதையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

பிரப்ரனலால், அடினலால், மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் வருகின்றன. மயஸ்தீனியா உள்ளவர்களில் சிலருக்குத் தைராய்டும் கூடவே தொந்தரவு செய்யும், தைராய்டு மிகுதியால் வரும் படபடப்புக்கு எழுதுவதும் பிரப்ரனலால்தான். யாரும் மருந்தாகவே கணக்கில் வைக்காத ஒன்றும் இதே வகையில் உண்டு: கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும். “என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்டால் பெரியவர்கள் மாத்திரைகளை மட்டும்தான் சொல்வார்கள். சொட்டு மருந்து, ஊசி, களிம்பு எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்தவருக்குப் பீட்டா பிளாக்கர் அவசியம் என்று இதய டாக்டர் முடிவு செய்தால், அதை நாமாக நிறுத்தவும் கூடாது. இரண்டு டாக்டர்களையும் ஒரு முறை பேச வைக்க வேண்டும்.

மலேரியாவுக்கும் மூட்டு நோய்க்கும் கொடுக்கும் குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவற்றிலும் எச்சரிக்கை தேவை. கெண்டைக்கால் பிடிப்புக்காகக் குயினைன் வேண்டவே வேண்டாம். முகச்சுருக்கம் நீக்கப் போடும் போட்டுலினம் ஊசி, அசிட்டைல்கோலின் வெளிவருவதையே அடைத்துவிடும், ஆகவே அழகு நிலையத்திலிருந்து விலகியே இருங்கள். டி-பெனிசிலமின் என்ற பழைய மருந்து, நோய் இல்லாதவருக்கே மயஸ்தீனியாவைக் கொண்டுவரக்கூடியது. புற்றுநோய்க்கு இப்போது வந்திருக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவையும் புதிதாக மயஸ்தீனியாவைக் கிளப்பலாம், இருப்பதைக் கடுமையாக்கலாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளால் சிலருக்கு மட்டும் தசைபலவீனம் கூடுகிறது. தேவைப்படுபவர்கள் சாப்பிடலாம், ஆரம்பித்த வாரங்களில் கவனித்தால் போதும். காய்ச்சலுக்கு, தலைவலிக்குப் பாராசிட்டமால் பயப்படாமல் போடலாம்.

தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேறு வழியில் ஆபத்தானவை. அவை மூச்சு விடும் உந்துதலை மழுங்க வைக்கும். ஏற்கெனவே மூச்சுத் தசை சோர்ந்தவருக்கு அது தாங்காது. முதுகு வலிக்குத் தரும் பல மாத்திரைகளில் வலி நிவாரணியோடு தசை தளர்த்தியும் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்க்க இன்னொரு காரணம் அது.

அறுவை சிகிச்சை என்றால் சர்ஜனிடம் மட்டும் சொன்னால் போதாது, மயக்க மருந்து டாக்டரிடம் நேரில் சொல்ல வேண்டும். தசையைத் தளர்த்த அவர் போடும் ரோக்குரோனியம் போன்ற மருந்துகள் மயஸ்தீனியா உள்ளவருக்குச் சிறிய அளவிலேயே தீவிரமாக வேலை செய்யும், இன்னொரு வகையான சக்சினைல்கோலின் வழக்கமான அளவில் சரியாக எடுக்காது. முன்பே தெரிந்தால் இதையெல்லாம் அவர் சமாளித்துக்கொள்வார்.

நோய்க்கே கொடுக்கும் மருந்துகள்

ஸ்டீராய்டைப் பற்றி இரண்டு விஷயம். அதிக அளவில் ஆரம்பித்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் சிலருக்கு பலவீனம் கூடிவிட்டுத்தான் பிறகு குறையும். அதனால்தான் டாக்டர்கள் சிறு அளவில் தொடங்குகிறார்கள் அல்லது ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தொடங்குகிறார்கள். இரண்டாவது, “ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகாது” என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சட்டென்று நிறுத்துவது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் மயஸ்தீனியாவும் கிளம்பும், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனும் தயாராக இருக்காது. உயிருக்கே ஆபத்தாகலாம்.

எதிர்ப்பாற்றலை அடக்க அசதியோபிரின் சாப்பிடுகிறவர்களுக்கு யூரிக் அமிலம் கூடி, காலில் கட்டை விரல் வீங்கினால் வேறு டாக்டர் அலோபுரினால் எழுதக்கூடும். இந்த இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி ரத்த அணுக்கள் சரிந்துவிடும். யூரிக் அமிலத்துக்கே தரும் ஃபெபுக்ஸோஸ்டாட்டுக்கும் இதே எச்சரிக்கை. மைக்கோஃபெனலேட், மெத்தோட்ரெக்ஸேட் இரண்டும் கருவைப் பாதிக்கும், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். ஃப்ளூ, நிமோனியா போன்றவற்றுக்கு வரும் செயலிழந்த கிருமித் தடுப்பூசிகள் வேறு, அவற்றைப் போட்டுக்கொள்வதே நல்லது. ‘எதிர்ப்பு சக்தியை ஏற்றும்’ என்று விற்கப்படும் லேகியமும் சூரணமும் எதிர்ப்பாற்றலே எதிரியான இந்த நோயில் தேவையில்லாத வேலை. டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பைரிடோஸ்டிக்மினை நாமாகக் கூட்டிக்கொள்வது இன்னொரு பொறி. இன்றைக்குச் சோர்வாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் எச்சில் ஊறும், வியர்க்கும், வயிற்றால் போகும், தசை துடிக்கும், அதற்கும் மேலே போனால் அந்த மருந்தே தசையைத் தளர்த்திவிடும். முன்னே சொன்ன பேதிக்கும் மருந்துக்கடை வழியில்லை. நீர்ச்சத்து குறையாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்க வைத்துவிட்டு, நரம்பு டாக்டரை அழையுங்கள். அளவை மாற்றியோ, சாப்பாட்டோடு போடச் சொல்லியோ, வயிற்றை அடக்கத் துணைமருந்து கொடுத்தோ அவர் சரிசெய்வார்.

சட்டைப் பையில் ஒரு அட்டை

தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர், எந்த ஆன்டிபாடி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும், எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய தைமஸ் சுரப்பி அறுவை செய்து எடுக்கப்பட்டதா, இப்போது சாப்பிடும் மருந்துகளும் அளவும், நரம்பு டாக்டரின் எண், மேலே சொன்ன முக்கிய மருந்துக் குடும்பங்களின் பெயர். நோயாளிக்குப் பேச்சே வராத நேரம் வரும் என்று யோசித்து எழுத வேண்டும். நோய் முற்றும்போது பலருக்குப் பேச்சு குழறும். தன் நோயைத் தானே சொல்ல முடியாமல் போகும் ஒருவருக்காகத்தான் அந்த அட்டை.

புது மருந்து எது ஆரம்பித்தாலும், எவ்வளவு பாதுகாப்பானது என்று சொல்லிக் கொடுத்திருந்தாலும், முதல் சில நாள் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியே வருகிறதா, சாப்பாடு பாதியில் மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்குகிறாரா, தலை முன்னால் சரிகிறதா, இருமல் பலமில்லாமல் போய்விட்டதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா. ஆள் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு வேலை செய்து வையுங்கள். உட்கார வைத்து, ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லி, அடுத்த மூச்சு எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். வழக்கமாக எது வரை எண்ணுகிறார் என்று குறித்து வையுங்கள். உடம்பு சரியில்லாத நாளில் அந்த எண்ணிக்கை வேகமாக இறங்கினாலோ, 20-ஐத் தாண்ட முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 97, 98 காட்டுகிறதே என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. இந்த நோயில் மூச்சுத் தசை ஓய்ந்து கார்பன் டை ஆக்சைடு தேங்கிய பிறகுதான் ஆக்சிஜன் அளவு விழத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஐசியூவும் சுவாசக் கருவியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்கள். போகும் வழியில் வாயில் எதையும் ஊட்டாதீர்கள், படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வையுங்கள். அட்டையையும் வீட்டில் இருக்கிற எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். புதிதாக ஆரம்பித்த மாத்திரை எது, முதல் வேளை எப்போது போட்டது என்பதை அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டரிடம் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.